எழுதிக்கொடுப்பவரின் பிளெஷர்

பலகையில் ஒன்பது என்று சிவப்பாக நின்றது. அவர்களுடைய டோக்கன் பதினாலு. இன்னும் ஐந்து பேர், ஆளுக்குப் பத்து நிமிஷம் என்றால் ஐம்பது, நடுவில் ஒரு தடவையாவது கம்ப்யூட்டர் நின்றுபோகும், ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள் கோகிலம். ஒரு மணி நேரத்தில் இந்தப் பத்திரத்தை மூன்று தடவை படித்துவிடலாம், முப்பது வருஷம் பாலிடெக்னிக் ஆபீசில் இங்கிலீஷ் டைப்பிஸ்ட்டாகக் குப்பை கொட்டியவளுக்கு நாலு பக்கம் எந்த மூலைக்கு. "படிச்சுக்கிட்டிருங்க சித்தி, நான் ஆதார் ஜெராக்ஸ் எடுத்துட்டு டீயும் வாங்கிட்டு வந்துடறேன்" என்று மாறன் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அவள் வயிற்றில் பிறந்தவனில்லை திருமாறன். சிதம்பரநாதன் அவளை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டபோது அவனுக்குப் பதினோரு வயது, அவளுக்கு முப்பத்து நாலு. இப்போது அவனுக்கே முன்னந்தலையில் முடி கொட்டிவிட்டது. மெல்போர்னிலிருந்து பத்தே நாள் லீவில் வந்திருக்கிறான், அதில் மூன்று நாளை இந்த ரிஜிஸ்டர் ஆபீசுக்கென்று ஒதுக்கியிருக்கிறான். வீடு அவனுடையது. அவனுடைய அம்மா வழித் தாத்தா பேரன் பேரிலேயே எழுதிவைத்த வீடு. சிதம்பரநாதனே அதில் மகன் வீட்டில் இருந்த அப்பாதான், அவரும் போய் இரண்டு வருஷமாகிவிட்ட பிறகு கோகிலம் அந்த வீட்டுக்கு யார்? யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே பெரிது என்று அவள் நாலு சுவருக்குள் சத்தம் காட்டாமல் இருந்துகொண்டிருந்தாள். போன மாசம் அவனாகத்தான் போனில் சொன்னான்: "நீங்க இருக்கிற வரைக்கும் வீடு உங்களுக்குத்தான் சித்தி. அதைப் பேச்சோட விட்டுடக் கூடாது, எழுதிடறேன்." நன்றி என்பதா, தாங்க்ஸ் என்பதா, எதைச் சொன்னாலும் கடைக்காரனிடம் சொல்வதுபோல் இருக்கும். "சாப்பிட்டியா மாறா?" என்று கேட்டாள். அங்கே மணி சாயங்காலம் ஐந்து.

இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பத்திக்கு வந்தபோதுதான் தட்டியது. நடக்கும்போது செருப்பின் வார் சட்டென்று இழுக்குமே, அந்த மாதிரி. எழுதிப் பெறுபவராகிய கோகிலம் மேற்படி வீட்டில் வசித்து அதை என்ஜாய் செய்துகொள்ளலாம், அட் த பிளெஷர் ஆஃப் த டோனர். டோனர் என்றால் எழுதிக்கொடுப்பவர். அவள் மடியில் கைப்பை இருந்தது, கைப்பையின் மேல் அவளுடைய விரல்கள் தன்பாட்டுக்கு அந்த வரியை அடித்துப் பார்த்தன. என்ஜாய். முதல் எழுத்து மட்டும் இடது கை, மற்ற நாலும் வலது கை, அதிலும் மூன்று ஒரே விரலுக்கு. பிளெஷர். சுண்டு விரலில் தொடங்கி மோதிர விரலுக்கு வந்து இடது கைக்குத் தாவி, திரும்பி, எட்டு எழுத்து. பத்தாயிரம் தடவை அடித்திருப்பாள். பெரும்பாலும் முதல் வரியிலேயே வரும், தங்களுக்குத் தெரிவிப்பதில் பிளெஷர் அடைகிறோம் என்று. அடைந்தவர் யாரையும் அவள் அந்த ஆபீசில் பார்த்ததில்லை. பிரின்சிபால் பல்வலியோடு உட்கார்ந்து டிக்டேட் பண்ணுவார், கன்னத்தில் கை, பிளெஷர் என்று சொல்லும்போதே முகம் கோணும். ஆனால் இது அந்த பிளெஷர் இல்லை. அட் த பிளெஷர் ஆஃப். அவளுக்குத் தெரியும், டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்கு ஸ்பீடு பிடிக்கிறபோது ஒரு பாசேஜ் வரும், இன்னின்ன பதவிகளில் இருப்பவர்கள் கவர்னரின் பிளெஷர் உள்ளவரை பதவியில் இருப்பார்கள் என்று, கவர்னர் சந்தோஷமாக இருக்கிற வரைக்குமா சார் என்று அவள் பத்தொன்பது வயசு அசட்டுத்தனத்தோடு கேட்டாள், இன்ஸ்டிடியூட் ராஜகோபாலன் சார் மூக்குப்பொடி டப்பாவை மூடிக்கொண்டே, "சந்தோஷம் இல்லம்மா, இஷ்டம். இஷ்டம் இருக்கிற வரைக்கும் நாற்காலி. முகத்தைத் திருப்பிட்டா எழுந்து போகவேண்டியதுதான்" என்றார். அப்படியானால். அப்படியானால் இந்த வரி சொல்வது, கோகிலம் இந்த வீட்டில் அவன் இஷ்டம் உள்ளவரை இருக்கலாம் என்பது. ஆயுள் உள்ளவரை என்று போனில் சொன்னான். சாகிற வரைக்கும் என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு "நீங்க இருக்கிற வரைக்கும்" என்றான். காகிதத்தில் அது அவன் இஷ்டம் இருக்கிற வரைக்கும் என்று ஆகியிருக்கிறது. அவள் இன்னொரு தடவை படித்தாள். எழுத்து மாறவில்லை.

மாறும் என்று எதிர்பார்த்தாயா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இருக்கட்டும், இஷ்டம் உள்ளவரை என்றால்தான் என்ன, அவன் இஷ்டம் அவளுக்குத் தெரியாததா? நேற்று ராத்திரி ரசத்தை இரண்டாம் தடவை வாங்கி ஊற்றிக்கொண்டானே, அவன் அப்பா மாதிரியே கையைக் குழித்து. காலையில் ஆட்டோவில் ஏறும்போது அவள் முழங்கால் மடங்கவில்லை, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிச் சுற்றி வந்து கை கொடுத்தானே. அதுவெல்லாம் பத்திரத்தில் இல்லை, அதுதானே நிஜம். இந்தச் சென்னை வக்கீல், இவனோடு காலேஜில் படித்தவனாம், வேறு எதற்கோ அடித்துவைத்திருந்ததில் பேரை மாற்றி அனுப்பியிருப்பான். வக்கீல்களுக்கு ஒரு அச்சு உண்டு, அதில் ஊற்றினால் எல்லாம் ஒரே கொழுக்கட்டைதான். அவளும் அப்படி எத்தனை கடிதம் அடித்திருக்கிறாள், பழைய கார்பன் காப்பியை எடுத்துவைத்துக்கொண்டு தேதியை மட்டும் மாற்றி. ஆனால் என்று ஒரு குரல் உள்ளே, ஆனால் அவன் படித்திருப்பானே, இங்கிலீஷிலேயே வாழ்கிறவன், அந்த ஊரில் பால்காரனோடும் இங்கிலீஷ்தானே. படித்துவிட்டுத்தான் அனுப்பினானா? சீ. எப்படி நினைக்கத் தோன்றுகிறது. கொடுக்கிற கையைத் திருப்பிப் பார்த்து நகத்தில் அழுக்கு இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி. அவளுக்குத் தன்மேலேயே கூசியது, புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள், மேலே ஃபேன் கிறீச் கிறீச்சென்று காற்றை விடச் சத்தத்தை அதிகம் கொடுத்துக்கொண்டிருந்தது.

பலகை பத்துக்கு மாறியது. வேஷ்டி கட்டிய மூன்று பேர் எழுந்து போனார்கள். அவர்கள் இருந்த இடத்தில் கல்யாணம் பதிய வந்த ஒரு ஜோடி வந்து உட்கார்ந்தது, கழுத்தில் இன்னும் மாலை, சம்பங்கியும் ரோஜாவும் கலந்து குப்பென்று வாசனை. பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும், என்ன சொன்னாலும் சிரித்தாள், சொல்லாவிட்டாலும் சிரித்தாள், பையன் அதட்டுவதுபோல் முழங்கையால் இடித்தான், அதற்கும் சிரித்தாள். ஜாய், என்று கோகிலத்தின் விரல் அடித்தது. மூன்று எழுத்தும் வலது கைக்கே, இடது கை சும்மா இருக்கும். முப்பது வருஷத்தில் ஆபீசில் அந்தச் சொல்லை அவள் அடித்ததே இல்லை என்று இப்போது தோன்றியது, கிறிஸ்துமஸ் வாழ்த்தில் ஒன்றிரண்டு தடவை இருக்கலாம். மற்றபடி அதற்குக் கிட்டத்தில் வந்தது ஜாயினிங் ரிப்போர்ட் ஒன்றுதான். ஜாய்க்கு எதுவும் வேண்டியதில்லை, இந்தப் பெண்ணைக் கேட்டால் எதற்குச் சிரிக்கிறோம் என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. என்ஜாய் அப்படியில்லை, அதற்கு ஒன்று வேண்டும், எதை என்று சொல்லியாகவேண்டும். அது மாறனால் தெரிந்துகொண்டது. வந்த புதிதில் அவன் அவளோடு பேசமாட்டான். ஏழு மாசம். சாப்பிட வா என்றால் வருவான், தட்டைப் பார்த்துச் சாப்பிடுவான், போய்விடுவான். ஒருநாள் ஆபீஸ் முடிந்து வந்து பார்த்தால் அவளுடைய மேஜைமேல் அவனுடைய இங்கிலீஷ் பரீட்சைத் தாள். தரங்கம்பாடி பீச்சுக்குப் போனோம், வி என்ஜாய்டு என்று எழுதியிருந்தான், அதைச் சுற்றி வாத்தியார் சிவப்பில் பெரிய வட்டம் போட்டுக் கேள்விக்குறி. எதுக்குத் தப்பு என்று பென்சிலால் ஓரத்தில் எழுதியிருந்தான், அது அவளுக்கான கேள்வி. அவளுக்கும் தெரியவில்லை. மறுநாள் இங்கிலீஷ் லெக்சரர் மரியசெல்வத்தைப் பிடித்துக் கேட்டாள். "என்ஜாய்னா எதையாவது என்ஜாய் பண்ணணும் மேடம். கடலை, காத்தை, இல்லே தன்னையே. ஒண்ணுமே சொல்லாம நிறுத்த முடியாது" என்று அவர் சொன்னதை அப்படியே பென்சிலால் கீழே எழுதி அவன் பையில் வைத்தாள். அதற்கு மறுநாள் மேஜையில் ஒரு தட்டு, தட்டில் பாதி முட்டைப் பஃப்ஸ், பெரிய தெருவில் அப்போது டிலைட் பேக்கரி என்று ஒன்று இருந்தது, அங்கே வாங்கியது. மற்ற பாதியை அவன் தின்றிருந்தான், கடித்த பக்கத்தைக் கத்தியால் நேராக வெட்டி எடுத்திருந்தான். அவள் முட்டை தின்பதில்லை. அன்றைக்குத் தின்றாள். டிலைட் என்று அந்தப் பேக்கரிக்காரன் எதை நினைத்துப் பேர் வைத்தானோ, அவளுக்கு அன்றிலிருந்து அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அந்தப் பாதிப் பஃப்ஸ்தான். எதிர்பார்க்காமல் இருக்கும்போது வந்து, மூன்று வாயில் தீர்ந்து, உதட்டில் கொஞ்சம் துகள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அப்படிப்பட்ட பையன். அவன் மேல் சந்தேகம். அவள் பத்திரத்தை மூடினாள். மூடியதும் மூத்த அக்கா சௌந்தரத்தின் முகம் வந்தது, கல்யாணத்துக்கு வந்து சாப்பிடாமலே போனவள், வாசலில் நின்று, "நீயாத் தேடிக்கிட்ட, நல்லா அனுபவி" என்றாள். தமிழில் ஒரே சொல்தான், சுகத்துக்கும் அதுதான், கஷ்டத்துக்கும் அதுதான், குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். இங்கிலீஷ்காரன் அப்படிக் குழப்பமாட்டான் என்று அவள் வெகுநாள் நம்பியிருந்தாள், லீவ் ஃபாரம் ஒன்றில் ஒருநாள் அதுவும் போயிற்று. சிதம்பரநாதனுக்குப் பக்கவாதம் வந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாற்பத்திரண்டு நாள் லீவு எடுத்தாள். பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கி, அவர் வாயோரம் வழிகிற கஞ்சியைத் துடைத்து, படுக்கையைத் திருப்பிப்போட்டு நாற்பத்திரண்டு நாள். திரும்பி வந்து சேர்ந்த அன்றைக்கு அவளுடைய லீவ் ஸ்டேட்மெண்டை அவளே அடிக்கவேண்டியிருந்தது. அதில் ஒரு கட்டத்தின் தலைப்பு, லீவ் என்ஜாய்டு. அதன் கீழே அவள் நாலையும் இரண்டையும் அடித்தாள். அடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், சிரிப்பு வந்தது, பக்கத்து ஸீட் ஹெட்கிளார்க் என்ன மேடம் என்று கேட்கிற அளவுக்குச் சிரிப்பு. ஆனால் இப்போது, இந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தால் அந்தக் கட்டம் பொய் சொல்லவில்லை. முப்பத்தேழாம் நாளோ என்னவோ, அவர் வலது கையைத் தூக்கிக் கையைக் குழித்துக் காட்டினார். ரசம். நர்ஸ் கூடாது என்றாள். ஒரு ஸ்பூன், வெறும் ஒரு ஸ்பூன் தெளிவை அவர் நாக்கில் விட்டபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார், நெற்றியிலிருந்த சுருக்கமெல்லாம் ஒவ்வொன்றாகப் போயிற்று. அதை என்ன சொல்லுவது, எந்தச் சொல்லில் போடுவது, அவளுக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் அவருக்கு எட்டு வருஷம் ஆயுள் இருந்தது, தடியூன்றி நடந்தார், அவளோடு டீ குடித்தார், கொல்லையில் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றினார், எல்லாம் அந்த வீட்டில்தான். ஒரு நாளும் வீட்டுக்கு வாடகை என்று ஒரு பேச்சு மகனிடமிருந்து வந்ததில்லை. பணம் அனுப்புவான், மருந்துக்கு என்பான். அப்பாவின் காரியத்தன்று கூடத்தில் அவன் பெரியப்பா, இனிமே இந்த அம்மா அவங்க அக்கா வீட்டுக்குத்தானே போவாங்க என்று இழுத்தபோது, ஈர வேஷ்டியோடு நின்றவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சித்தி எங்கயும் போகமாட்டாங்க" என்றான். அவ்வளவுதான். அந்த மூன்று வார்த்தையில் அவள் இரண்டு வருஷம் குடியிருந்திருக்கிறாள். அதற்குமேல் எதற்குப் பத்திரம்? எதற்கு பிளெஷரும் என்ஜாயும்?

இருந்தாலும். இந்த இருந்தாலும் என்ற சொல் மட்டும் இல்லாவிட்டால் மனிதன் எவ்வளவு நிம்மதியாக இருப்பான். போன ஞாயிற்றுக்கிழமை ஷர்மிளா வீடியோவில் வந்தாள், மாறனின் மனைவி, நல்ல பெண், வாய் நிறைய ஆன்ட்டி என்பாள், பிள்ளைகள் இரண்டும் பின்னால் குதித்துக்கொண்டிருந்தன, ஸ்னோ பார்க்கப் போனோம் ஆன்ட்டி, செம ஃபன் என்றாள். ஃபன் என்றால் இன்னொரு ஆள் வேண்டும், தனியாக உட்கார்ந்து ஃபன் பண்ண முடியாது, அந்தச் சொல் கோகிலத்துக்கு எப்போதும் கொஞ்சம் தூரத்தில் கேட்கும் பக்கத்து வீட்டுச் சத்தம் மாதிரி. நல்ல பெண்தான். ஆனால் போன வருஷம் அவளுடைய அப்பா இந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர் வீட்டையும் பார்த்துவிட்டுப் போனார், மோர் குடித்தார், வாசலில் நின்று ரோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார், "நல்ல இடம், எட்டு ஃபிளாட் தாராளமா வரும்" என்றார். சொன்னவருக்கு ஞாபகம்கூட இருக்காது. இவளுக்கு அந்த எட்டும் எண்ணப்பட்டு உள்ளே கிடக்கின்றன. பிளெஷர் என்பது ஒருவருடையதாக இருந்தே தீரவேண்டும், யாருடைய என்று கேட்கிற சொல் அது. இன்றைக்கு மாறனுடையது, சரி. மனிதனுக்கு முப்பத்தெட்டில் இருக்கிற மனசு ஐம்பதில் இருக்குமா, அவனுக்கு ஏதாவது ஒன்று, அய்யோ, வாயைக் கழுவு, அவன் நூறு வயசு இருக்கட்டும். அவன் நூறு வயசு இருந்தாலும் அவன் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகும், செலவு வரும், சித்தி எங்களோட வந்து இருங்களேன் என்று அன்பாகத்தான் சொல்லுவார்கள், அன்பாகச் சொன்னால் எப்படி மறுப்பது? எழுபது வயதில் ஒரு பெட்டியோடு அந்தப் பனியில் போய் இறங்குவதா, இல்லை சௌந்தரத்தின் மகன் வீட்டில் ஒரு ஓரமா? கையை நீட்டிக் கேட்காமல் தானாக வந்ததில் குறை பார்க்கக் கூடாது. ஆனால் அவன் கொடுக்க நினைத்தது இதுதானா என்று அவனுக்கே தெரியாமல் இருந்தால்? கேட்டால் அவன் மனசு நோகும். கேட்காமல் கையெழுத்துப் போட்டால் இனி தினமும் கதவைத் திறக்கும்போதெல்லாம் இந்த எட்டு எழுத்தும் விரலில் ஓடும், அவன் போன் பண்ணும்போதெல்லாம் குரலில் இஷ்டம் இருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அது அதைவிடப் பெரிய பாவம் இல்லையா, பிள்ளையின் குரலை அப்படிக் கேட்பது? பலகை பதினொன்று ஆயிற்று, உடனே பன்னிரண்டு ஆயிற்று, பதினொன்றுக்கு ஆள் வரவில்லை போலிருக்கிறது. உள்ளங்கை வேர்த்துப் பத்திரத்தின் ஓரம் நெளிந்தது.

"டீ ஆறிப்போச்சு சித்தி, கடையில ஒரே கூட்டம்" என்று மாறன் எதிரே நின்றான், இரண்டு பேப்பர் கப், கக்கத்தில் ஜெராக்ஸ் கத்தை. அவள் கப்பை வாங்கிக்கொண்டாள். நிஜமாகவே ஆறித்தான் இருந்தது, இனிப்பு அதிகம், ஏலக்காய் போட்டிருந்தது, நன்றாக இருந்தது. ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய்.

"மாறா, ரெண்டாம் பக்கத்துல ஒரு வார்த்தை."

"ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா? அடேயப்பா, உங்க கண்ணுக்குத் தப்புமா."

"ஸ்பெல்லிங் சரிதான்ப்பா. பிளெஷர்னு போட்டிருக்கு. என்ன அர்த்தத்துல போட்டிருக்காங்கன்னு." தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வருவது அவளுக்கே ஆச்சரியம்.

அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்தைத் திருப்பினான். உதடு அசையப் படித்தான், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். "சந்தோஷமா இருந்துக்கலாம்னுதானே சித்தி? நீங்க வசிக்கலாம், என்ஜாய் பண்ணலாம், உங்க..." நிறுத்தினான். மறுபடி படித்தான். "ஆஃப் த டோனர். டோனர் நான்."

"ஆமா."

"என்னோட பிளெஷர்."

மாலை போட்ட பெண் எதற்கோ சிரித்தாள். அவன் எழுந்து வராந்தாவுக்குப் போனான், அவளும் பின்னாலேயே போனாள், முழங்கால் வலியை மறந்து. வராந்தாவின் கோடியில் லேப்டாப்பும் சின்ன பிரிண்டருமாக உட்கார்ந்திருந்தார் டாக்குமெண்ட் ரைட்டர் கலியமூர்த்தி, டோக்கன் போட்டுக் கொடுத்தவர். அந்த வரியின் மேல் மாறன் விரலை வைத்தான். கலியமூர்த்தி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"உங்க இஷ்டம் உள்ள வரைக்கும்னு அர்த்தம் சார். நாளைக்குக் காலையில நீங்க போங்கன்னா அம்மா போயாகணும். வாடகைக்கு இருக்கிறவனுக்காவது ரெண்டு மாசம் நோட்டீஸ் உண்டு." பிறகு கோகிலத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்க சொல்லித்தான் போட்டிருக்காங்கன்னு நினைச்சேன் சார். பெரிய வக்கீல் டிராஃப்ட், நான் வாயத் திறக்கலை."

மாறன் அங்கேயே நின்றான். காது மடல் சிவந்திருந்தது. பதினோரு வயசில் அப்பாவிடம் அடி வாங்கும் முன் சிவக்குமே, அந்தச் சிவப்பு. இருக்கட்டும் மாறா, இதுவே போதும், டோக்கன் வந்துடும், இப்படியே போட்டுடலாம் என்று அவள் சொல்ல வாயெடுத்தாள், அவன் முந்திக்கொண்டான்.

"வக்கீல்தான் கேட்டான் சித்தி. பின்னால ஏதாவது ஒண்ணுன்னா உனக்கும் ஒரு பிடி இருக்கணும், சேஃப்டிக்கு ஒரு வரி போட்டுடட்டுமான்னு கேட்டான். நான் அப்ப மீட்டிங்ல இருந்தேன். போட்டுடுன்னுட்டேன். என்ன வரின்னு கேக்கலை." அவன் அவளைப் பார்க்கவில்லை, பிரிண்டரைப் பார்த்துச் சொன்னான். "நேத்துகூடப் படிச்சேன். படிச்சும் புரியலை. புரிஞ்சுக்கணும்னு படிக்கலை."

ஒன்றும் தெரியாது, வக்கீல் தப்பு என்று அவன் சொல்லியிருக்கலாம், யார் போய்க் கேட்கப்போகிறார்கள். சொல்லிவிட்டான். இவ்வளவு நேரம் உள்ளே வைத்து உருட்டிக்கொண்டிருந்ததில் பாதி உண்மைதான் என்று தெரிந்தும், சுமை குறைந்ததே தவிரக் கூடவில்லை, இது எப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை. தான் நன்றி சொல்லத் தெரியாமல் ஒரு மாசமாகத் தவித்ததெல்லாம் வீட்டுக்காகத்தான் என்று நினைத்திருந்தாள். இப்போது வந்த நன்றிக்கும் வீட்டுக்கும் சம்பந்தமில்லை.

"நீ எனக்குச் செய்யறது இதுனால கொறஞ்சிடாது மாறா" என்றாள்.

"கொறஞ்சிடும்" என்றான் அவன். கலியமூர்த்தியிடம் திரும்பினான். "தமிழ்ல எழுதிடுங்க சார். எங்க ரெண்டு பேருக்கும் புரியற மாதிரி."

"இன்னிக்கு டோக்கன் போயிடும் சார். நாளைக்குக் காலையில பத்தரைக்கு ஒண்ணு காலியிருக்கு. உங்க பிளைட்?"

"நாளன்னிக்கு. போடுங்க."

உள்ளே பதினாலு என்று கூப்பிட்டார்கள். இரண்டு தடவை. யாரும் எழுந்திருக்கவில்லை, பதினைந்து என்றார்கள். கலியமூர்த்தி லேப்டாப்பை இழுத்துவைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தார், வாயால் சொல்லிக்கொண்டே தட்டுகிற பழக்கம் அவருக்கு, இரண்டே விரல், ஆனால் வேகம். கோகிலம் அந்த விரல்களைப் பார்த்தாள். "எழுதிப் பெறுபவர் உங்களுக்கு என்ன வேணும் சார்? இதுல, ஃபாதர்ஸ் செகண்ட் வைஃப்னு போட்டிருக்கு."

"சித்தி."

"பத்திரத்துல சிறிய தாயார்னு போடுவோம்."

"போடுங்க."

"மேற்படி சொத்தை எனது சிறிய தாயாராகிய தாங்கள்... தங்கள் ஆயுட்காலம் முழுவதும்... யாதொரு இடையூறும் இல்லாமல் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று அவர் தட்டிக்கொண்டே போனார், கடைத்தெரு மளிகைச் சிட்டை வாசிப்பதுபோல் ஏற்ற இறக்கமில்லாத குரல், அந்தக் குரலில் அந்தச் சொல்லுக்குக் கஷ்டமும் இல்லை, சுகமும் இல்லை, ஒரு வாசல், ஒரு கூடம், ஒரு கொல்லை, கதவைத் திறந்துகொண்டு உள்ளே போக ஒரு சாவி, அவ்வளவுதான் இருந்தது. அவளுக்குக் கண்ணைக் கரித்தது. ரோட்டுத் தூசி என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும். மாறன் காலிக் கப்பைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே இருந்தான், அவள் அதை வாங்கித் தன் கப்பில் செருகி வைத்துக்கொண்டாள்.

"அவ்வளவுதானே? வேற ஏதாவது சேர்க்கணுமா?" என்றார் கலியமூர்த்தி, மாறனைப் பார்த்து.

"நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றாள் கோகிலம்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"மாடியில ஒரு ரூம் இருக்கு. அவன் எப்ப ஊருக்கு வந்தாலும், எத்தனை நாள் வேணும்னாலும், அதுல தங்கி அனுபவிச்சுக்க எனக்கு ஆட்சேபணை இல்லேன்னு ஒரு வரி."

கலியமூர்த்தி கையை எடுத்துவிட்டார். "சொத்தே அவரோடதும்மா. சொந்தக்காரருக்கு நீங்க பெர்மிஷன் எழுதிக் குடுப்பீங்களா? நாளைக்கு சப்ரிஜிஸ்ட்ரார் படிச்சுட்டுச் சிரிப்பார்."

"சிரிக்கட்டும். எழுதுங்க."

கலியமூர்த்தி மாறனைப் பார்த்தார். மாறன் வராந்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிறுத்தியிருந்த வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஷர்மிளாவும் பசங்களும்னு சேத்துக்கலாமா சித்தி?" என்று கேட்டான், திரும்பாமலே.

"சேத்துக்கலாம்" என்றாள் கோகிலம், வீட்டுக்காரியின் குரலில்.